தாய்வீட்டுக்குப் போன ஆய்வு

நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறவனுக்கு நோயாளி எழுந்து நடந்தால் மட்டும் போதாது. அவன் எழுதிய கட்டுரையும் எங்காவது எழுந்து நடக்க வேண்டும். நடக்கிறதா இல்லையா என்று பார்க்க சைட்டேஷன் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் கட்டுரையை வேறொருவர் தன் கட்டுரையில் எடுத்துக்காட்டினால் ஒன்று ஏறும். யாரும் சீண்டாவிட்டால் அது படுத்த படுக்கைதான். காய்ச்சல்காரனின் உடம்பைத் தொட்டுப் பார்ப்பதுபோல் தினமும் காலையில் அந்த எண்ணிக்கையைத் திறந்து பார்த்துவிட்டு, ஏறாததைக் கண்டு பேசாமல் மூடிவைக்கும் சக ஆசிரியர்களே, இது உங்களுக்கு.

நான் அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு கல்லூரியில் பேராசிரியர். ஐம்பதைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகின்றன. என் கட்டுரைகளை அச்செடுத்து அடுக்கினால் அலமாரியில் ஒரு தட்டு நிறையும். அந்தத் தட்டால் யாருக்கு என்ன நன்மை என்று என்னையே கேட்டுக்கொள்வது என் வழக்கம். போன வருடம் அதே கேள்வியைப் பல்கலைக்கழகம் கேட்கும் நிலை வந்தது. முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்கு வழிகாட்டியாக, எங்கள் பேச்சில் சொன்னால் ‘கைடு’ ஆக, விண்ணப்பித்திருந்தேன். ஓய்வுக்கு முன்னால் போதுமான வருடங்கள் மிச்சம் இருப்பவர்களுக்குத்தான் அந்த அனுமதி. இந்த முறை கிடைக்கவில்லை என்றால் எனக்கு இனி எந்த முறையும் கிடையாது.

எனக்குக் கிடைக்காவிட்டால் வருத்தப்பட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். ஆனால் என்னை நம்பி இன்னொருவர் காத்திருந்தார். எங்கள் துறை விரிவுரையாளர் செல்வராணி. அரூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். வீட்டில் கைக்குழந்தை, பக்கவாதத்தில் படுத்த மாமியார். சென்னைக்குப் போய் ஆய்வு செய்ய அவரால் முடியாது. எனக்கு அனுமதி வந்தால் இங்கிருந்தே பதிவு செய்துகொள்வார். வராவிட்டால் அந்த ஆசையை மடித்து உள்ளே வைத்துவிட வேண்டியதுதான். அந்தக் காத்திருப்பின்போது பழையதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

அப்பா எழுதிய கட்டுரை

என் பெயர் மாதையன். அப்பா பெயர் சின்னசாமி. கட்டுரை அனுப்பும் இணையப் பக்கத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டையும் நிரப்பாமல் உள்ளே விடமாட்டான். குடும்பப் பெயர் என்று ஒன்றே இல்லாத நாம் என்ன செய்வோம்? அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் கடைசிக் கட்டத்தில் உட்கார வைப்போம். நானும் அப்படித்தான் செய்தேன். வெளிநாட்டு வழக்கத்தில் அந்தக் கடைசிப் பெயர்தான் ஆளின் பெயர் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஏதோ ஓர் ஆப்பிரிக்க நாட்டுக் கட்டுரையில் என் முதல் சைட்டேஷன் வந்திருப்பதாகத் தெரிந்ததும், அதை இறக்கி வரிவரியாகத் தேடினேன். மாதையனைக் காணோம். ‘சின்னசாமியும் பிறரும்’ என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடத்தூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனேன். அப்பா வாசலில் வேர்க்கடலையைக் காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்தார். செல்போனில் அந்த வரியைப் பெரிதாக்கிக் காட்டி, "கடல் தாண்டி உங்க பேரைப் போட்டிருக்காங்கப்பா" என்றேன். "பிறரும்னா யாரு?" என்றார். "நானும் இன்னும் ரெண்டு பேரும்." அவர் கடலையைக் கிளறுவதை நிறுத்தினார். பிறகு கேட்டார்:

"ஏன்டா, நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்கினதில்ல. என் பேர்ல என்னத்தையோ எழுதி வெச்சிருக்கியே, நாளைக்குக் கேஸு கீஸுன்னு வூட்டு வாசல்ல வந்து நிக்கமாட்டாங்களே?"

ஒப்பீட்டுக்கு ஓர் ஊர்

எங்கள் தொழிலில் ஆய்வு என்றால் பெரும்பாலும் ஒரே அச்சுதான். ஓர் ஊருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்போம். இன்னோர் ஊரை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா விட்டுவைப்போம். ஆய்வு முடிந்தபின் அங்கேயும் போய்ச் சொல்லித்தருவோம். முதல் ஊர் நன்றாகச் செய்து இரண்டாம் ஊர் செய்யாவிட்டால் எங்கள் பாடத்துக்குப் பலன் இருக்கிறது என்று அர்த்தம். நான் எடுத்துக்கொண்ட விஷயம் பச்சைக் குழந்தையின் தொப்புள்கொடி. விளக்கெண்ணெய், மஞ்சள், சாம்பல், முகப்பவுடர் என்று கைக்குக் கிடைத்ததை அதில் தடவிச் சீழ் பிடிக்கவைத்துக்கொண்டு வருவார்கள். எதையும் தடவாதீர்கள், காய்ந்து தானாக விழட்டும் என்பதுதான் பாடம்.

கடத்தூர்ப் பக்கம் அடுத்தடுத்து இருந்த இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்தேன். கல்லூரி வேன் போய்வர வசதி. முதல் ஊர் அங்கன்வாடியில் மாணவிகள் பொம்மையை வைத்துக்கொண்டு கர்ப்பிணிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆண் என்பதால் நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே நடந்த பேச்சு ஜன்னல் வழியாக வந்தது. "வெளிய நிக்கறவரு டாக்டருங்களா?" "இல்லக்கா, எங்க சாரு. அவரும் நர்ஸுதான்." அங்கன்வாடியே சிரித்தது. மாணவி விடாமல், "சிரிக்காதீங்கக்கா, எங்களுக்கெல்லாம் ஊசி போடக் கத்துக்கொடுத்ததே அவருதான்" என்றாள். அதற்கு ஒரு பெண் சொன்ன பதிலை இன்றைக்கும் என் பட்டங்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன்:

"அப்பன்னா உள்ள வந்து உக்காரச் சொல்லு பாப்பா. வாத்தியாரு வெயில்ல நின்னா படிப்பு எப்படி ஏறும்?"

வளைகாப்பை மறந்தவன்

குழந்தைகள் பிறக்க ஆரம்பித்ததும் பார்த்துவரப் போனோம். முதல் ஊரில் நாங்கள் பாடம் சொன்ன பெண்களில் பலர் வீட்டில் இல்லை. "அம்மா வூட்டுக்குப் போயிருக்கா" என்று மாமியார்கள் சொன்னார்கள். அம்மா வீடு எங்கே? பக்கத்து ஊர். நான் ஒப்பீட்டுக்கு வைத்திருந்த அதே ஊர். இரண்டு ஊர்களும் காலகாலமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறவர்கள். இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். என் அக்காவை வளைகாப்பு முடிந்து அழைத்துவரப் போன காரில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். ஆய்வுத் திட்டம் எழுதும்போது எனக்கு அது நினைவில் இல்லை. அதைப் பரிசீலித்த குழுவில் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் இல்லை. பேனாவை எடுத்ததும் எல்லோருமே வேறு தேசத்துக்குக் குடிபோய்விடுகிறோம்போல.

ஒப்பீட்டு ஊரில் வீடு வீடாகப் போனோம். யாரும் எதையும் தடவவில்லை. நாங்கள் வாயே திறக்காத ஊர் அது. ஒரு வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாவிடம், "தடவக்கூடாதுன்னு உங்களுக்கு யாருங்கம்மா சொன்னது?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்திருக்கும். என் ஆய்வு கண்ணெதிரே கொடியில் தொங்குவதுபோல் இருந்தது எனக்கு. அந்த அம்மா துணியை உதறிப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"எம் பொண்ணுதாங்க சொன்னா. அந்த ஊர்லதான் வாக்கப்பட்டிருக்கா. எனக்கு மட்டுமா சொன்னா, இந்தத் தெருவுக்கே சொல்லிப்புட்டா. ஏங்க, தலப்பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்கு வராம உங்க காலேஜுக்கா வருவா?"

கட்டம் இல்லாத அட்டவணை

கணக்குப் போட்டுப் பார்த்ததில் இரண்டு ஊருக்கும் வித்தியாசமே இல்லை. ஆய்வு மொழியில் அதற்கு அர்த்தம், என் பாடத்தால் எந்தப் பயனும் நிரூபணம் ஆகவில்லை. எங்கள் புள்ளியியல் ஆசிரியர் முனிரத்தினம் நல்ல மனுஷன். ஒரு வழி சொன்னார். தாய்வீட்டுக்குப் போன பெண்களையும், அவர்கள் பேச்சைக் கேட்ட வீடுகளையும் கணக்கிலிருந்து விலக்கிவிடலாம். மிச்சம் இருப்பவர்களை வைத்துப் பார்த்தால் அழகான வித்தியாசம் வரும். அப்படி விலக்கி எழுதுகிறவர்கள் இல்லாமலில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

நான் பல நாள் யோசித்தேன். யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. எனக்கு ஆசை நிறையவே இருந்தது. ஆனால் அந்தப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அடிக்கும்போது கை ஓடவில்லை. என் பாடத்தை வயிற்றுப் பிள்ளையோடு பஸ் ஏற்றிக் கொண்டுபோனவர்களே அவர்கள்தான். எல்லோரையும் உள்ளே வைத்து, நடந்தது நடந்தபடி எழுதினேன். பெரிய இதழ்கள் திருப்பி அனுப்பின. ஒரு சின்ன இதழ் போட்டது. முனிரத்தினம் கடைசி அட்டவணையை என்னிடம் கொடுக்கும்போது தலையைச் சொறிந்தார்:

"ரெண்டு ஊரும் கத்துக்கிச்சு சார், அது நல்ல சேதிதான். ஆனா நம்ம அட்டவணையில நல்ல சேதிக்குன்னு ஒரு கட்டம் இல்லீங்களே, நான் எங்க கொண்டுபோய்ப் போட?"

திட்டும் கணக்கில் சேரும்

பலன் நிரூபணமான என் கட்டுரைகள் படுத்தே கிடந்தன. அந்தத் தோற்ற கட்டுரை எழுந்து நடக்க ஆரம்பித்தது. முதலில் ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று, பிறகு நான் எண்ணுவதற்குள் இன்னொன்று. என் மற்ற கட்டுரைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது என்ற அளவுக்கு வந்தது. ஆவலோடு திறந்து படித்தால் முகம் வாடிவிடும். ‘ஒப்பீட்டுக் குழுவை யோசிக்காமல் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சின்னசாமியின் ஆய்வைப் பார்க்க’ என்ற மாதிரி எழுதியிருப்பார்கள். எண்ணிக்கை ஏற ஏற எனக்குள் ஒரு சங்கடமும் ஏறியது. இது புகழா? வகுப்பில் தப்பாகப் பதில் சொன்னவனை எழுந்து நிற்கவைத்து எல்லோருக்கும் காட்டுவதா?

என் மனைவி கலைவாணி அரசு ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் வார்டில் செவிலியர். ஒருநாள் காலையில் நான் எண்ணிக்கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபோது, இட்லி வைத்துக்கொண்டே, "உங்க அந்த ரெண்டு ஊர்லருந்தும் தொப்புள் சீழ் பிடிச்ச குழந்தையை இப்பல்லாம் நான் பாக்கறதே இல்லைங்க" என்றாள். எனக்குச் சிலிர்த்தது. அடுத்த நிமிடமே மனசு கொக்கி போட்டது. கிராமச் செவிலியர்கள் சொல்லியிருக்கலாம், பிரசவம் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டதால் இருக்கலாம், அவள் வார்டுக்கு வராமல் வேறெங்காவது போயிருக்கலாம். ஆதாரம் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது இட்லி ஆறிப்போனது. அவள் சட்னியை என் பக்கம் தள்ளினாள்:

"திட்டறவங்களும் பேரைச் சொல்லித்தானே திட்டறாங்க? குழந்தைங்க நல்லா இருக்குதுங்க. இதுக்கு மேல உங்களுக்கு என்ன சைட்டேஷன் வேணும், சாப்புடுங்க."

நெடுஞ்சாலையில் என் முகம்

திட்டி வந்ததா, பாராட்டி வந்ததா என்பதெல்லாம் எங்கள் தாளாளருக்குத் தேவையில்லை. எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்று கேள்விப்பட்டார். சேர்க்கை நேரம் வேறு. ‘உலகம் மேற்கோள் காட்டும் பேராசிரியர்’ என்று போட்டு, என் படத்தோடு நெடுஞ்சாலையில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். கல்லூரியில் சேர்ந்தபோது கொடுத்த படம், கறுப்பு வெள்ளை. ஃபிளெக்ஸ் கடைக்காரர் கையில் தயாராக இருந்த ஒரு வடிவத்தில் அதைப் பொருத்தியிருந்தார். நான்கு மூலையிலும் வெள்ளைப் பூக்கள், கீழே இரண்டு பக்கமும் விளக்கு.

அன்றைக்குக் காலையில் இரண்டு பழைய மாணவிகள் என் மனைவிக்கு போன் செய்து, விசாரிக்கத் தெரியாமல் அழுதிருக்கிறார்கள். எனக்கு இது எதுவும் தெரியாது. வழக்கம்போல் கல்லூரிக்கு எதிரே டீக்கடைக்குப் போய் நின்றேன். ஃபிளெக்ஸைப் பார்த்ததும், பூவும் விளக்கும் கண்ணில் படுவதற்கு முன்னால் பெருமைதான் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். டீக்கடை கோவிந்தன் என்னைப் பார்த்ததும் பாய்லரைவிட்டு ஓரடி பின்னால் போனார். பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்:

"நல்ல வேளைங்க சார், இப்பத்தான் மாலைக்குச் சொல்லிவிடலாமான்னு பேசிக்கிட்டிருந்தோம். சரி சரி, சக்கர கம்மியாத்தானே?"

விசேஷத்துக்குப் போய்வருவது

கைடு விண்ணப்பம் போட்ட சமயத்தில் இன்னொரு மாவட்டத்துக் கல்லூரியிலிருந்து ஒரு நண்பர் கூப்பிட்டார். அவரும் விண்ணப்பித்திருந்தார். "மாதையன், நீங்க உங்க அடுத்த கட்டுரைங்கள்ல என்னைக் கொஞ்சம் எடுத்துக்காட்டுங்க, நான் உங்களைக் காட்டறேன். என்கிட்ட இன்னும் நாலு பேரு இருக்காங்க. எல்லாரும் ஒருத்தர் வூட்டு விசேஷத்துக்கு ஒருத்தர் போய்வர்ற மாதிரிதான்" என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசிக்கவும் செய்தேன். திட்டு வாங்கிய கட்டுரையைத் தவிர என்னிடம் காட்ட என்ன இருக்கிறது? அனுமதி தரும் கமிட்டி அதைத் திறந்து படித்துவிட்டால்? என்னால் செல்வராணியின் வாய்ப்பு போய்விடக்கூடாதே.

செல்வராணியிடமே சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்காகத்தான் யோசிக்கறேன்" என்றேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார். எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர். அன்றும் குரலை உயர்த்தவில்லை:

"எனக்காகன்னு சொல்லி இதைச் செய்யாதீங்க சார். எனக்கு நீங்க கைடா வந்தப்புறம் நான் இதே வேலையைச் செஞ்சா, என்னை உள்ள விடுவீங்களா?"

கமிட்டி

நண்பரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். கமிட்டி முன் போய் உட்கார்ந்தேன். தலைவர், நரைத்த கொண்டையுடன் ஓர் அம்மையார். பக்கத்தில் இருந்தவர் என் கட்டுரைகளைப் புரட்டினார். "உங்களோடது அதிகமா மேற்கோள் ஆனது இதுதான். இதுல ஒண்ணும் நிரூபணம் ஆகல. எடுத்தவங்களும் குறை சொல்லத்தான் எடுத்திருக்காங்க. இதையெல்லாம் தாக்கம்னு எப்படிச் சொல்றது?" என்றார். பல வருடமாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வி. இன்னொருவர் வாயிலிருந்து வந்ததும் ஏனோ பயம் போய்விட்டது. "சொல்லலாமான்னு எனக்கும் தெரியலைங்க சார். நான் விழுந்த இடத்துல ஒரு முள்ளு வெட்டிப் போட்டேன். வந்தவங்க அதைப் பார்த்துச் சுத்திப் போறாங்க. திட்டிக்கிட்டே போறாங்க, ஆனா விழாம போறாங்க" என்றேன்.

அம்மையார் அதுவரை பேசவில்லை. "தாய்வீட்டுக்குப் போனவங்களை விலக்கிட்டுக் கணக்குப் போட்டிருந்தா?" என்று கேட்டார். "வித்தியாசம் வந்திருக்குங்க மேடம்." "ஏன் விலக்கல?" "பாடத்தைத் தூக்கிட்டுப் போனதே அவங்கதாங்க. அவங்களை எடுத்துட்டா, மிச்சம் இருக்கறது நான் பேசின பேச்சு மட்டும்தான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை:

"நானும் ரெண்டு பிரசவத்துக்கும் அம்மா வீட்டுக்குத்தான் போனேன். இத்தனை வருஷத்துல எந்த ஆய்வுலயும் அதை ஒரு கேள்வியா நான் கேட்டதில்லை. சரி, நீங்க போகலாம்."

செல்வராணியின் முதல் பக்கம்

திரும்பி வந்தபின் சில வாரங்கள் செல்வராணி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்ல ஒன்றுமில்லாமல் அவர் மேஜையைத் தாண்டிப் போய்வந்தேன். அனுமதி வந்த அன்று அவர் அரூர் பஸ்ஸில் ஏறியிருந்தார். போனில் சொன்னேன். கண்டக்டர் "உள்ள தள்ளிப் போங்க, உள்ள தள்ளிப் போங்க" என்று கத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "சார், அடுத்த ஸ்டாப்ல இறங்கித் திரும்பி வரட்டுங்களா?" என்றார். வேண்டாம், நாளைக்குப் பேசலாம் என்றேன். சந்தோஷத்தில் எனக்கும் அன்றைக்கு யாரிடமும் முகத்தைக் காட்டும் நிலை இல்லை.

அவர் எழுதிய ஆய்வுத் திட்டத்தைப் போன வாரம் கொண்டுவந்து கொடுத்தார். புகுந்த வீட்டில் கற்றுக்கொண்டதைப் பெண்கள் தாய்வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்பதுதான் தலைப்பு. நான் தொல்லை என்று எழுதியதை அவர் ஆய்வாகவே எடுத்துக்கொண்டார். யாரையும் விலக்கவில்லை. யார் எந்த ஊருக்குப் போனார்கள், அங்கே யாரிடம் சொன்னார்கள் என்று பின்னாலேயே போகப்போகிறார். என் அட்டவணையில் இல்லாத கட்டத்தை அவர் வரைந்திருந்தார். இதை ஏன் நான் அப்போதே யோசிக்கவில்லை என்று உள்ளே ஒரு குடைச்சல். அதைவிடப் பெரிதாக ஒரு பெருமிதம். என்னால் மறைக்க முடியவில்லை. முதல் பக்கத்தில் முதல் வாக்கியத்திலேயே என் கட்டுரை இருந்தது, அதன் குறையோடு. நான் அந்த வரியில் நின்றுவிட்டதைப் பார்த்த செல்வராணி முந்திக்கொண்டார்:

"தப்பா எடுத்துக்காதீங்க சார், நீங்க சறுக்கின இடத்துலருந்துதான் நான் கிளம்பறேன். படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. அந்த வரியை மட்டும் திருத்தச் சொல்லாதீங்க."

ஆக, இந்தத் தொழிலில் பெயர் எடுக்க ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை: கண்ணெதிரே இருப்பதை ஒருமுறை நன்றாகக் கோட்டைவிட்டு, அதை மறைக்காமல் எழுதிவைத்தால் போதும், மிச்சத்தை நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.